கூட்டுப் பணியறையில் யாருக்கு எந்த இடம்? ஆளின் இயல்பும் மேசையின் இடமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், பன்னிரண்டு மேசைகள் கொண்ட ஒரு கூட்டுப் பணியறையை நடத்தி வருகிறேன். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்குவதற்கு முந்தைய நாள்களில், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகள் பலர் தோட்டப்புற வீடுகளுக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களில் சிலர் பிறகு நகரத்துக்குப் போகவே இல்லை. கணினியும் இணையமும் இருந்தால் போதும் என்ற வேலை அவர்களுடையது. ஆனால் வீட்டில் தாத்தாவின் தொலைக்காட்சி ஒரு பக்கம், அண்ணன் பிள்ளைகளின் விளையாட்டு மறுபக்கம் என்று இருந்ததால், உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம் கிடைக்குமா என்று தேடி வந்தார்கள். அவர்களும், இப்படி ஓர் அறை திறக்கலாமா என்று யோசிக்கும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

அகமுகம், புறமுகம் என்கிறார்களே, அவை என்ன? கூச்சப்படுகிறவர்கள் எல்லாரும் அகமுக இயல்பினர்தானா?

இந்த இரண்டு சொற்களையும் உளவியலில் நிலைநிறுத்தியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் யுங். 1921-இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாகவே இவை பரவின. மனத்தின் நாட்டம் உள்ளே, தன் எண்ணங்களின் பக்கம் திரும்பியிருப்பது அகமுகம். வெளியே, ஆட்களின் பக்கமும் நிகழ்ச்சிகளின் பக்கமும் திரும்பியிருப்பது புறமுகம். இன்றைய ஆய்வாளர்கள் இவற்றை இரண்டு பெட்டிகளாகக் கருதுவதில்லை. உயரத்தைப் போல இதுவும் ஓர் அளவுதான். மிக நெட்டையானவர்களும் மிகக் குட்டையானவர்களும் எப்படிச் சிலரோ, அப்படியே இந்த அளவின் இரு கோடிகளில் இருப்பவர்களும் சிலரே. பெரும்பாலோர் நடுவில் நிற்கிறார்கள், காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் சாய்கிறார்கள்.

கூச்சம் வேறு. கூச்சம் என்பது பிறர் தன்னை என்ன நினைப்பார்களோ என்ற அச்சம். அகமுகம் என்பது தனிமையில் இருக்கும்போது நிம்மதி அடையும் இயல்பு. கூட்டத்தில் பேச ஆசை இருந்தும் பேச முடியாமல் தவிக்கும் புறமுக இயல்பினரும் உண்டு. மேடையில் அரை மணி நேரம் தடுமாறாமல் பேசிவிட்டு, இறங்கியதும் யாரும் இல்லாத இடத்தைத் தேடிப் போகும் அகமுக இயல்பினரும் உண்டு. இந்த வேறுபாடு பணியறையில் மிக முக்கியம். ஏனென்றால், கூச்சப்படுகிறவரை அவர் நன்மைக்கென்று நினைத்து மூலையில் உட்கார வைத்தால், அவர் ஏங்கிக்கொண்டிருக்கும் துணையையே அவருக்குக் கிடைக்காமல் செய்துவிடுவோம்.

பதினாறு வகைச் சோதனையை எழுதச் சொல்லி, அதன்படி இருக்கை ஒதுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. எம்பிடிஐ என்று பெயர்பெற்ற இந்தச் சோதனையை உருவாக்கியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் ஆவர். யுங்கின் கருத்துகளை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, மனிதர்களைப் பதினாறு வகைகளாக அவர்கள் பிரித்தார்கள். தன்னைப் பற்றி யோசித்துப் பார்க்க இது ஒரு நல்ல தூண்டுகோல். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அளவாக இருக்க வேண்டியதை இது நடுவில் கோடு போட்டு இரண்டாக வெட்டுகிறது. அதனால், கோட்டுக்கு அருகில் நிற்பவர் சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் எளிதில் வேறு வகையில் போய் விழுகிறார். அப்படி விழுகிறவர்கள் கொஞ்சம் பேர் அல்ல. ஆளைத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்தச் சோதனையை விற்கும் நிறுவனமே சொல்கிறது. வேலைக்கு ஆள் எடுக்க உதவாத ஒன்று, அந்த ஆள் நாள் முழுவதும் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிக்க மட்டும் எப்படி உதவும்?

இதை நான் அனுபவித்தும் அறிவேன். பல ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தேன். ஒரு நாள் பயிற்சியாளர் ஒருவர் வந்து சோதனை நடத்தி, ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு வண்ணத்தாளை ஒட்டிவிட்டுப் போனார். எனக்கு நீலம் வந்தது. நீலம் என்றால் அமைதியை விரும்புபவர் என்று பொருள். பொருள் வைக்கும் அறையை ஒட்டி இருந்த மேசைக்கு என்னை மாற்றினார்கள். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு, புதிய வேலையைப் பற்றிப் பேசக் கூடும்போது என்னை அழைக்கவே இல்லை. கேட்டால், உங்களுக்குக் கூட்டம் பிடிக்காதே என்றார்கள். அந்த நீலத்தாளை நானே உரித்துப் போட்ட பிறகும் அந்தப் பேச்சு உரியவில்லை.

அப்படியானால் இயல்புக்கும் இடத்துக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?

தொடர்பு இருக்கிறது, வகை பிரிப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. இன்றைய உளவியலில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருப்பது ஐந்து பண்புகளின் அளவுகோல்: புதியதை நாடும் மனம், கடமையில் ஒழுங்கு, புறமுகம், இணக்கம், மனம் எளிதில் கலங்கும் போக்கு. இவற்றுள் பணியறைச் சத்தத்தோடு நேரடியாக மோதுவது புறமுகத்தின் அளவு. அகமுக இயல்பினரின் மூளை இயல்பாகவே கூடுதலான விழிப்பு நிலையில் இருக்கிறது, ஆகவே வெளியிலிருந்து வரும் தூண்டுதல் அவர்களுக்குச் சீக்கிரம் மிகையாகிவிடுகிறது என்று ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலார் 1967-இல் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தின் எல்லாப் பகுதிகளும் பின்னாளில் உறுதிப்படவில்லை என்றாலும், அது தூண்டிய ஆய்வுகள் நமக்குப் பயன்படுகின்றன.

அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ரஸ்ஸல் கீன் 1984-இல் வெளியிட்டது. இரு சாராரிடமும் ஒரு கற்றல் வேலையைக் கொடுத்து, அப்போது காதில் ஒலிக்க வேண்டிய சத்தத்தின் அளவை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். புறமுக இயல்பினர் கூடுதல் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், அகமுக இயல்பினர் குறைந்த சத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரவர் தேர்ந்தெடுத்த அளவில் வேலை செய்தபோது இரு சாராரும் ஒரே அளவு நன்றாகச் செய்தார்கள். ஒருவர் தேர்ந்தெடுத்ததை மற்றவர் மீது சுமத்தியபோதுதான் வேலை கெட்டது. அமைதிதான் நல்லது, கலகலப்புதான் நல்லது என்ற இரு பக்கத்து வாதத்துக்கும் இந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை. தேர்ந்தெடுக்க இடம் இருந்ததா என்பதே கேள்வி என்று காட்டிவிட்டது.

இதற்குத் துணையாக இன்னொன்றும் உண்டு. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் 1972-இல் வெளியிட்ட சோதனைகளில், காதைப் பிளக்கும் சத்தத்தின் நடுவே சிலருக்கு ஒரு பொத்தானைக் கொடுத்து, பொறுக்க முடியாவிட்டால் இதை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும் என்றார்கள். அவர்கள் பெரும்பாலும் அதை அழுத்தவே இல்லை. ஆயினும் பொத்தான் இல்லாதவர்களைவிட, பின்னர் கொடுத்த வேலையை அவர்கள் நன்றாகச் செய்தார்கள். வேண்டும்போது எழுந்து போகலாம் என்று தெரிந்திருப்பதே ஒருவருக்கு எவ்வளவு பலம் என்பதை நான் இந்த அறையில் நாள்தோறும் பார்க்கிறேன்.

எந்தச் சத்தம் மிகவும் தொந்தரவு?

பேச்சு. எங்கள் அறையில் மழை பெய்தால் பின்கட்டுத் தகரக் கூரையில் விழும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஆயினும் மழைக்காக யாரும் என்னிடம் முறையிட்டதில்லை. பெருஞ்சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும்போது சன்னல் அதிரும்; அதுவும் பழகிவிட்டது. ஆனால் மூன்று மேசை தள்ளி ஒருவர் தாழ்ந்த குரலில் கைப்பேசியில் பேசினால், நான்கு பேர் தலை நிமிர்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. ஒருவர் பேசுவது மட்டும் கேட்டு, மறுமுனையில் இருப்பவர் சொல்வது கேட்காதபோது, விடுபட்டதை மனம் தானாகவே இட்டு நிரப்பப் பார்க்கிறது. லாரன் எம்பர்சனும் அவருடைய குழுவினரும் 2010-இல் இதைச் சோதித்தார்கள். இருவர் முழுதாக உரையாடுவதைக் கேட்டுக்கொண்டு வேலை செய்தவர்களைவிட, பாதி உரையாடலை மட்டும் கேட்டவர்களின் கவனமே அதிகம் சிதறியது. இது அகமுக இயல்பினருக்கு மட்டும் நேர்வது அல்ல, எல்லாருக்கும் நேர்வது. 40,000-க்கும் மேற்பட்ட அலுவலகப் பணியாளர்களின் விடைகளை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்விலும், திறந்த அலுவலகங்களில் மக்களுக்குப் பெருங்குறையாகத் தோன்றியது பிறர் பேச்சு தம் காதில் விழுவதும் தம் பேச்சு பிறர் காதில் விழுவதும்தான்.

எங்கள் ஊரில் மொழியும் இதில் சேர்ந்துகொள்கிறது. தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று மூவரும் ஒரே அறையில் இருக்கும்போது, எனக்குப் புரியாத மொழியில் பேசினால் எனக்குத் தொந்தரவு இராது என்று பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. ஒன்றன்பின் ஒன்றாக வருவதை வரிசை மாறாமல் நினைவில் வைக்கும் வேலையைப் புரியாத மொழிப் பேச்சும் கெடுக்கிறது என்பதை 1976-இலேயே கோல், வெல்ஷ் என்ற இருவர் காட்டினார்கள். எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலைக்கோ, புரிகிற மொழிதான் பெரிய இடைஞ்சல். ஆகவே கணக்குப் பார்ப்பவருக்கு எந்த மொழிப் பேச்சும் ஆகாது. மொழிபெயர்ப்பவருக்குத் தாய்மொழிப் பேச்சு சிறிதும் ஆகாது. ஒருவரின் இயல்பைக் கேட்பதற்கு முன் அவருடைய வேலையைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்யலாமா?

செவிக்கருவி போட்டுக்கொண்டு தாராளமாகக் கேட்கலாம். எல்லாருக்குமாக ஒலிபெருக்கியில் வைப்பதற்கு நான் சம்மதிப்பதில்லை. ஏட்ரியன் ஃபர்ன்ஹம் என்ற உளவியலார் 1997-இல் இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஒரு சிறிய ஆய்வில், பின்னணியில் பாப் இசை ஒலித்தபோது அகமுக இயல்பினரின் நினைவாற்றலும் படித்துப் புரிந்துகொள்ளுதலும் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டன. எப்படி இருந்தாலும், வரி சேர்ந்த பாட்டும் பேச்சுதான்.

சுவரே இல்லாமல் திறந்து வைத்தால் எல்லாரும் நன்றாகப் பழகுவார்கள் அல்லவா?

அப்படித்தான் நானும் நம்பினேன். அறையைத் தொடங்கியபோது இருந்த ஒட்டுப்பலகைத் தடுப்புகளையெல்லாம் காசு கொடுத்து எடுத்தேன். பத்து நாளில் எல்லார் காதிலும் செவிக்கருவி ஏறியது. எதிரெதிரே உட்கார்ந்திருந்த இருவர் வாட்சப்பில் பேசிக்கொண்டார்கள். ஈத்தன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னால்தான் படித்தேன். இரண்டு பெரிய நிறுவனங்கள் தடுப்புகளை நீக்கித் திறந்த அலுவலகத்துக்கு மாறியபோது, பணியாளர்கள் அணிந்திருந்த கருவிகளின் மூலம் அவர்களுடைய பழக்கத்தை இவர்கள் அளந்தார்கள். நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்து, மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் கூடியிருந்தன. மறைவு இல்லாத இடத்தில் மனிதர் தாமே தமக்கு ஒரு மறைவைக் கட்டிக்கொள்கிறார்.

நம் ஆட்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். சத்தமும் நெருக்கமும் பழகியவர்கள்தானே?

இந்தக் கேள்வியை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் நம்மைப் பற்றி நாமே தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இங்கேதான். லயத்து வீடுகளில் பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டில் குழந்தை இருமினால் இங்கே விழிப்பு வரும். அது உண்மை. ஆனால் லயம் குடியிருந்த இடம். வேலை நடந்த இடம் வேறு.

பால்மரக் காலத்து, அதாவது ரப்பர் தோட்டக் காலத்து, வேலைநாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக் களத்தில் எல்லாரும் கூடுவார்கள். பெயர் கூப்பிடுவதும் சிரிப்பும் சண்டையும் அங்கேயே நடந்து முடியும். அதன் பிறகு ஒவ்வொருவரும் தமக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போய்விடுவார்கள். இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்து, பட்டையில் உளி வைத்துச் சீவி, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் திருப்பி வைத்துவிட்டு நகர்வார்கள். பக்கத்து நிரையில் ஆள் இருப்பது தெரியும். கூப்பிட்டால் குரல் வரும். ஆனால் முகம் தெரியாது. பால் எடுத்து முடித்த பிறகு கொட்டகையில் மறுபடி கூடுவார்கள். வாளியைத் தூக்கி நிறுவைக்கு வைக்கும்வரை ஊர்க்கதை அத்தனையும் பேசப்படும். என் அம்மா பால்மரம் வெட்டியவர். நிரையில் கழிந்த அந்த நான்கைந்து மணி நேரம்தான் ஒரு நாளில் தனக்கென்று இருந்த நேரம் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஏழு பேர் கொண்ட வீட்டிலிருந்து போனவர் அவர். அவருடைய இயல்பு அகமுகமா புறமுகமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, ஆனால் தனிமையும் கூட்டமும் அவர் நாளில் முறை வைத்து வந்தன.

நெருக்கத்தைத் தாங்கத் தெரிந்தவர்கள் நாம் என்பதால், நெருக்கம் நமக்கு வேண்டும் என்று ஆகிவிடாது. மேசைகளின் இடைவெளிக்கு, ஆட்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பற்றி மானிடவியலார் எட்வர்ட் ஹால் 1966-இல் எழுதிய அளவுகளைப் பலர் எடுத்துக் காட்டுவார்கள்: அறிமுகமானவர்களிடையே 45 சென்டிமீட்டர் முதல் 120 சென்டிமீட்டர் வரை, அலுவல் பேச்சுக்கு அதற்கும் அப்பால். அவை அமெரிக்கர்களைப் பார்த்து எழுதியவை. ஊருக்கு ஊர் இது மாறும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே அளவுநாடாவை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லாமல், உட்காருகிறவரின் நாற்காலி நாளாக ஆக எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். எங்களிடம் கணக்கு வேலை செய்யும் ஒரு தங்கச்சி வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. ஆனால் ஒரு மாதத்தில் அவருடைய மேசை படிக்கட்டுச் சுவரின் பக்கமாக ஏறத்தாழ ஓர் அடி நகர்ந்திருந்தது. தரையில் மேசைக்கால் இழுபட்ட கோட்டைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மறுநாள் நானே அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

சிறிய இடம், கொஞ்சப் பணம். எப்படிப் பிரிப்பது?

இடத்தால் பிரிக்க முடியாததை நேரத்தால் பிரிக்கலாம். இந்த யோசனையைப் பால்மரத் தோட்டத்திடம்தான் கற்றுக்கொண்டேன். காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை முன்னறையில் பேச்சு இல்லை. அதை எங்கள் ஆட்கள் நிரை நேரம் என்று அழைக்கிறார்கள். பதினொரு மணிக்குத் தேத்தண்ணீரோடு கொட்டகை நேரம் தொடங்கும். அப்போது நீள மேசையில் பேசலாம், ஒருவர் வேலையை ஒருவர் எட்டிப் பார்க்கலாம், உதவி கேட்கலாம். பிற்பகலில் கண்டிப்பு இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய் வருபவர்களுக்காக அன்றைய நேரத்தைச் சற்று மாற்றி வைத்திருக்கிறோம்.

தொலைபேசிப் பேச்சுக்குப் பின்கட்டில் ஒரு சிறிய அறை ஒதுக்குங்கள். எதற்குப் பணம் இல்லாவிட்டாலும் இதற்குப் பணம் தேடுங்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் தடைபடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். கனம் இல்லாத பொருள் பேச்சைத் தடுக்காது. கனமான கதவைப் போட்டு, அதன் அடியில் உள்ள இடுக்கை ரப்பர் பட்டையால் அடைத்தால் பாதித் தொல்லை தீரும். முன்னறையில் தடித்த திரை தொங்கவிட்டால் எதிரொலி குறையும். பேச்சு அடுத்த அறைக்குப் போவதைத் திரை நிறுத்தாது.

முதுகுப் பக்கம் சுவர் இருக்கும் மேசைகளும், வாசலைப் பார்த்த மேசைகளும் கலந்து இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடுவதைப் பொறுக்க முடியாதவர்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஏர்கோன் குளிர் பற்றிய சண்டைக்கு என்ன செய்வது?

அது இயல்பைப் பற்றிய சண்டை அன்று, உடம்பைப் பற்றியது. காற்று நேரே விழும் இரண்டு இடங்களில் மேசை போடாதீர்கள்.

அமைதி விரும்புபவர்களைப் பற்றியே பேசுகிறீர்களே, கலகலப்பானவர்களுக்கு என்ன?

இது நியாயமான குறை. தனியே உட்கார்ந்து வேலை செய்வது புறமுக இயல்பினருக்கு உண்மையிலேயே சோர்வைத் தருகிறது. அவர்கள் எழுந்து எழுந்து நடப்பதைச் சோம்பல் என்று எண்ணிவிடுகிறோம். எங்களிடம் ஓய்வுபெற்ற ஒரு தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், வருகிறார். ஊர்க்காரர்களுக்கு வருமான வரிப் படிவமும் உதவித்தொகை மனுவும் நிரப்பிக் கொடுப்பார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால்தான் அவருக்குக் கை ஓடும். அவரைப் பேசாதே என்றால் அவருடைய வேலையையே பறித்ததாகும். அவருக்கு வாசல் பக்கத்து மேசையைக் கொடுத்து, வருகிறவர்களை வரவேற்கும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தோம். உள்ளே வருகிற ஆளின் முதல் பத்து நிமிடப் பேச்சை அவரே வாங்கிக்கொள்வதால், மற்றவர்களுக்கு அது மிச்சமாகிறது.

2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் கூட்டுப் பணியிடம் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியபோது, தனியாகத் தொழில் செய்யும் சுதந்திரமும் ஒரு சமூகத்தில் இருக்கும் துணையும் ஒருங்கே வேண்டும் என்பதே அவர் நாடியது. அதாவது இப்படிப்பட்ட அறைகள் பிறந்ததே துணை தேடியவர்களுக்காகத்தான்.

மற்றப் பண்புகள் எதையாவது காட்டுகின்றனவா?

மேசையைப் பார்த்து ஓரளவு சொல்லலாம். சாமுவேல் காஸ்லிங் என்ற உளவியலார் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஆளைப் பார்க்காமல் அவருடைய அலுவலக அறையை மட்டும் பார்த்தவர்கள், அவருடைய புதுமை நாட்டத்தை ஓரளவு சரியாகக் கணித்தார்கள். இணக்க குணத்தை அப்படிக் கணிக்க முடியவில்லை. அறை நடத்துபவருக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மிக இணக்கமானவர் எதையும் முறையிட மாட்டார். பரவாயில்லைங்க என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் வருவதை நிறுத்திவிடுவார். வாய்விட்டுக் கேட்பவருக்கு மட்டும் நல்ல இடம் போய்ச் சேர்ந்தால், அமைதியாகப் பொறுத்துக்கொள்பவர்களை அந்த அறை ஒவ்வொருவராக இழக்கும்.

மனம் எளிதில் கலங்குபவர்களுக்கு எதிர்பாராத மாற்றமே பெரிய தொல்லை. மேசையை மாற்றுவதாக இருந்தால் அவர்களுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள்.

சொந்த மேசை கொடுப்பதா, வந்தவர் வந்த இடத்தில் உட்காருவதா?

மாதக் கட்டணம் கட்டுபவர்களுக்குச் சொந்த மேசை கொடுக்கவே நான் பரிந்துரைப்பேன், இடம் வீணாகிறது என்று தோன்றினாலும். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் 2010-இல் வெளியிட்ட சோதனைகளில், செடியையும் படத்தையும் தாமே விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ள விடப்பட்டவர்கள் மற்ற எல்லாரையும்விட நன்றாக வேலை செய்தார்கள். அவர்கள் அடுக்கி வைத்ததை ஆய்வாளர் வந்து மாற்றி அடுக்கியபோது அந்த நன்மை மறைந்துவிட்டது. எங்கள் அறையில் ஒருவர் முருகன் படம் வைத்திருக்கிறார், ஒருவர் காற்பந்துக் குழுவின் கொடி வைத்திருக்கிறார், ஒரு மலாய்த் தங்கச்சி புட்டியில் பணக்கொடி வளர்க்கிறார். இவற்றுள் எதையும் நான் தொடுவதில்லை.

வயதில் மூத்தவர் உரக்கப் பேசுகிறார். எப்படிச் சொல்வது?

இளையவர் நேரே சொல்வது நம் வழக்கத்தில் கடினம். சொல்லாமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்குவது அதைவிடக் கெடுதல். ஆகவே அந்தச் சுமையை இளையவர் தலையில் வைக்காமல், அறையின் பொறுப்பாளரே எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணே, நிரை நேரம் இன்னும் முடியவில்லை, பின்கட்டு அறை காலியாக இருக்கிறது, அங்கே விசிறியும் போட்டு வைத்திருக்கிறேன் என்று நான் சொல்வேன். சட்டத்தை நேரத்தின் மேல் வைத்தால், ஆளின் மேல் குற்றம் சொன்னதாகாது. இதுவரை யாரும் மனம் வருந்திப் போனதில்லை.

அலுவலகத்துக்குப் போகாமல் இங்கே இருந்தே வேலை செய்ய முதலாளியிடம் கேட்க எனக்கு உரிமை உண்டா?

கேட்பதற்கு உரிமை உண்டு. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி பணியாளர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கட்டாயம் சம்மதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் விண்ணப்பத்தில், எனக்கு அமைதி பிடிக்கும் என்று எழுதுவதைவிட, எந்த வேலைகளுக்கு எத்தனை மணி நேரம் இடையூறு இல்லாமல் வேண்டும், எந்த நாள்களில் நேரில் வருவேன் என்று எழுதுங்கள்.

புதிதாக வருகிறவரிடம் நீங்கள் என்ன கேட்பீர்கள்?

உங்கள் இயல்பு என்ன என்று கேட்பதில்லை. ஒரு நாளில் எத்தனை முறை தொலைபேசியில் பேசுவீர்கள், திரையில் இருப்பது எழுத்தா எண்ணா, அண்மையில் எந்த நாளில் வேலை நன்றாக ஓடியது, அன்று எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்பேன். பிறகு மூன்று நாள், மூன்று வெவ்வேறு மேசைகளில் உட்கார வைப்பேன். நான்காம் நாள் அவரே ஒன்றைச் சொல்வார். அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி கேட்பேன், ஏனென்றால் வேலை மாறும், வீட்டு நிலைமை மாறும், அதோடு வேண்டிய இடமும் மாறும்.

படிக்கட்டுச் சுவரோடு மேசை போட்டுக் கொடுத்தேன் என்றேனே, அந்தத் தங்கச்சி போன தீபாவளிக்கு முன் மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு நீள மேசைக்கு வந்து கிராணி ஐயாவின் எதிரில் உட்கார்ந்தார். என்னம்மா இங்கே என்று கேட்டதற்கு, இந்த வாரம் தனியாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றார். கணக்கு முடிந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிட்டார். சுவரோரத்து மேசையை அந்த ஒரு வாரமும் நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.